ஜப்பானில் ஒரு பாண்டியன் பிள்ளை

1

தில்லி ரயில் நிலையத்தில் நான் முதன்முதலாக வந்து இறங்கிய நாளை எங்கள் வீட்டில் வருஷந்தோறும் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் என்றால் சேமியா பாயசம், அவ்வளவுதான். அதைக் கிளறும்போதே என் மனைவி பகவதி, "ரெண்டே வருஷத்துல மெட்ராஸுக்கு மாத்தல் வாங்கிருவேன்னு எங்க அப்பாகிட்ட சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாக" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் பதில் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் பாயசம் சாப்பிடும்போது என் மகன் சுப்பு ஒரு கேள்வி கேட்டான். இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். தில்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், எழுத்தைக் காட்டினால் கண்ணைச் சுருக்குவான். ஹிந்திக்காரப் பிள்ளைகள் மாதிரி அப்பாவைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான்.

"அச்சா பாப்பா, இத்தனை வருஷம் இங்க நீங்க என்ன பண்ணீங்க? மத்லப், அதாவது, ஆபீஸைத் தவிர."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபீஸைத் தவிர என்றால் என்ன அர்த்தம்? அந்த ஆபீஸ்தானே இந்தச் சேமியாவுக்கு நெய் ஊற்றுகிறது? சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பிறகு கட்டிலில் சாய்ந்து யோசித்துப் பார்த்தேன். கோப்புகளின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் பெரிய புத்தகமே வரும். ஒருவரும் படிக்க மாட்டார்கள். பஜனை சபையில் ஒரு வருஷம் செயலாளராக இருந்து, மைக் செட்காரரோடு சண்டை போட்டு விலகினேன். வேறென்ன?

அப்போதுதான் நளினி ஞாபகத்துக்கு வந்தாள். சுப்பு சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு வருஷம் குளிர்காலம் தொடங்குமுன் சில ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு வார்த்தைகூட ஜப்பான் மொழி தெரியாத நான், ஒரு ஜப்பான் பொம்மைப் படத் தொடருக்குத் தமிழில் கதை சொன்னேன். தில்லியில் நான் செய்த காரியங்களில் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

2

சந்தானம் எங்கள் எதிர்க் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்து தில்லி முழுக்கக் கலர் டி.வி. பைத்தியம் பிடித்திருந்தது. என்னைவிட வயதில் நன்றாகச் சிறியவன். திருச்சிக்காரன். டோக்கியோவில் நம் தூதரகத்தில் வேலை பார்த்துவிட்டு, தவணை முடியுமுன்பே திரும்பி வந்திருந்தான். காரணம் எங்கள் சரோஜினி நகரில் எல்லோருக்கும் முன்பே தெரியும். அவன் மனைவி அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டாள்.

மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிற ஒரே பெண் நளினி. அங்கே ஜப்பான் பிள்ளைகளோடு ஜப்பான் பள்ளியில் படித்தவள். இங்கே வந்ததிலிருந்து பேச்சே இல்லை. ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். "ம்", "வேணாம்", "சாப்பிட்டாச்சு" இந்த மூன்றும் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. பகவதி அவளை மடியில் உட்காரவைத்துத் தலைபின்னிக்கொண்டே எவ்வளவோ பேச்சுக் கொடுத்தாள். பிள்ளை சடை முடிந்ததும் எழுந்து போய்விட்டது.

சந்தானம் டோக்கியோவிலிருந்து ஒரு டி.வி.யும் வி.சி.ஆரும் கொண்டுவந்திருந்தான். அந்த வி.சி.ஆர். அந்த டி.வி.யோடு மட்டும்தான் பேசும். நம் ஊர் டி.வி.யைச் சட்டை செய்யாது. அந்த டி.வி.யில் நம் ஊர் நிகழ்ச்சி எதுவும் தெரியாது. இரண்டுக்கும் நம் கரண்ட் ஆகாது என்று, ஆட்டுக்கல் மாதிரி கனக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு. அந்தக் காலத்தில் டி.வி. வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும்; அதை எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். "இதில் ஒரு நிகழ்ச்சியும் தெரியாது, லைசென்ஸ் எதற்கு?" என்று என் ஹிந்தியில் வாதாடினேன். அங்கிருந்த குமாஸ்தா பொறுமைசாலி. "தெரியாவிட்டால் அது உங்கள் கஷ்டம். டி.வி. என்று பெயர் இருக்கிறதே" என்றார். நானும் ஒரு குமாஸ்தாவாக இருந்து மேலே வந்தவன்தான். அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஒரு மாலை சந்தானம் வாசலில் வந்து நின்றான்.

"சார், ஞாயித்துக்கெழம உங்க பசங்களை அனுப்பி வைங்க. அவ அம்மா இவளுக்காக வாராவாரம் ஒரு கார்ட்டூனை ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தா. இவ தனியா ஒக்காந்து அதையே பாக்குறா. யாராச்சும் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்."

"நீ இருப்பேல்லா?"

"என்னால முடியல சார்" என்றான்.

முடியவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்து, கேசட்டைப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவான். அப்பளமும் இட்லி அரிசியும் வாங்க யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. பிள்ளைகள் கலைந்து போன பிறகுதான் திரும்புவான்.

3

முதல் ஞாயிறு என் மகனும் மகளும், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இன்னும் சிலரும் போனார்கள். சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். "படம் ஜோரா இருக்கு பாப்பா. ஆனா என்ன பேசறாங்கன்னே தெரியலை. போரடிக்குது" என்றான் சுப்பு. அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்குமே என்று எனக்கு மனது கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே கூடப் போனேன்.

"இவங்க என்ன பேசறாங்கன்னு உனக்குப் புரியுமாம்மா?" என்று நளினியிடம் கேட்டேன். "மறந்துபோச்சு" என்றாள். அவள் என்னிடம் சொன்ன நான்காவது வார்த்தை அது.

சரி, மொழி தெரியாவிட்டால் கதை தெரியாமல் போய்விடுமா? திருநெல்வேலியில் காலேஜ் படித்தபோது இங்கிலீஷ் படத்துக்கு எங்கள் கும்பல் என்னை நடுவில் உட்காரவைத்துத்தான் பார்க்கும். நான்தான் வசனம் சொல்வேன். எனக்கும் இங்கிலீஷ் விளங்காது. ஆனால் என் கதையில் ஓட்டை இருந்ததாக இன்றுவரை ஒருவனும் சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில் டி.வி. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

தொடர் பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பானில் நடக்கிறது. இரண்டு பெரிய குலங்களுக்குள் சண்டை. சிவப்புக் கொடிக்காரர்கள், நீலக் கொடிக்காரர்கள். நான் சிவப்பைப் பாண்டியர் என்றும் நீலத்தைச் சோழர் என்றும் சொல்லிவிட்டேன். ஜெயித்தது நீலம். தஞ்சாவூர்க்காரப் பையன் ஒருவன் கைதட்டினான்; அவனை முறைத்தேன். தோற்ற குலத்தில் எஞ்சியது ஒரு சின்னப் பையன். அவனுக்கு மாறன் என்று பெயர் வைத்தேன். அவன் மலைக்காட்டில் ஓடுகிறான். பெண்ணாக மாறுகிற நரி வரும். ஆற்றுக்குள்ளிருந்து கை நீட்டும் குட்டிப் பூதம் வரும். சிவந்த முகமும் முழ நீள மூக்கும் இறக்கையுமாக ஒருவன் மரத்து உச்சியில் நின்று வாள் வித்தை சொல்லிக்கொடுப்பான். அவனுக்கு மூக்கன் என்று பெயர். சித்தர் என்று விளக்கம் கொடுத்தேன். வரைந்தவர்கள் பெரிய ஆட்கள். மழை பெய்தால் நமக்குக் குளிரும்.

மாறனின் அம்மா ஒவ்வொரு வாரமும் வருவாள். வெள்ளைவெளேரென்று உடுத்தி, தலையை விரித்துப் போட்டிருப்பாள். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் நம் ஊர்க்காரன் என்ன முடிவுக்கு வருவான்? "அப்பா போர்ல செத்துட்டாரு. அம்மா பாவம், வெள்ளை உடுத்திட்டா" என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவள் எதிரே வந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். தாலியறுத்தவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்புகிற கொடுமை அந்த ஊரிலும் இருக்கிறது போல என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது. அவள் எதுவும் சாப்பிடுவதில்லை, விரதம். ராத்திரியில் மகன் தலைமாட்டில் உட்கார்ந்து பாடுவாள். அந்தப் பாட்டுக்கு மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னொருவனும் உண்டு. தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்டவன். மலைச்சரிவில் தூரத்தில் நின்று மாறனையே பார்ப்பான். கிட்டே வர மாட்டான். பிள்ளைகள் அவனுக்கு லோஹா என்று பெயர் வைத்தார்கள். லோஹா என்றால் ஹிந்தியில் இரும்பு. அவன் சோழர் ஒற்றன் என்று நான் முடிவு செய்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. அவன் தலை தெரிந்தாலே "மாறா, பாக், பாக்! ஓடு!" என்று எல்லாமாகக் கத்தும்.

வாரம் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. வீட்டில் "சாப்பிட வால" என்று கூப்பிட்டால் "ஏக் மினிட்" என்று பதில் சொல்கிற என் மகன், அங்கே என் தமிழுக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆபீஸில் மதியத்தில்கூட அடுத்த வாரத்துக்கு வசனம் யோசிப்பேன்.

நளினி எப்போதும் எனக்கு மிக அருகில் உட்காருவாள். மற்றவர்கள் டி.வி.யைப் பார்த்தால், அவள் பாதி நேரம் என் வாயைப் பார்ப்பாள். சிரிக்க மாட்டாள். ஆனால் அந்த அம்மா திரையில் வரும்போதெல்லாம் நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

4

தீபாவளி கழிந்த வாரம் சந்தானம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நளினியை எங்க அக்கா வீட்டுல விட்டுரலாம்னு இருக்கேன் சார், திருச்சியில. அங்க பசங்க நெறைய. வீடு கலகலன்னு இருக்கும். அக்கா மாசக் கடைசியில வர்றேன்னு சொல்லியிருக்கு."

பகவதி கையில் ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நீங்க?"

"நான் இங்கதான் அக்கா. வேலை இருக்குல்ல."

"அம்மா இல்லாத பிள்ளைக்கு அப்பனும் இல்லாம ஆக்கணுமாக்கும்?"

"பகவதி" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் கேட்டியளா?"

"கேட்டேன் அக்கா. சரின்னுதான் தலையாட்டுச்சு" என்றான் அவன். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்றாங்க, பேசவே மாட்டேங்குதுன்னு. நான் ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள தூங்கிப்போயிடுது. எனக்குச் சமைக்கவும் வரல. என்கூட இருந்தா இவ இப்படியே ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு. மூஞ்சி வேற அப்படியே அவ அம்மா மூஞ்சி."

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மாற்றல் கேட்கவும் வழியில்லை. எங்கள் வேலையில் மாற்றல் என்பது என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. சரி என்று தலையாட்டுகிற பிள்ளைக்கு உண்மையிலேயே சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவளுக்குத்தான் பேச்சே இல்லையே.

5

அடுத்த ஞாயிறு கடைசி கேசட். அதற்குமேல் அலமாரியில் இல்லை.

கதை ஒரு மலைக்கோயில் வாசலில் நடந்தது. பனி கொட்டுகிறது. லோஹா முதல்தடவையாக மாறனுக்கு எதிரே வந்து நின்றான். பையனை அப்படியே தூக்கினான். கோயில் படிகளில் ஏறினான். மேலே மொட்டைத்தலைச் சாமியார்கள் காத்திருந்தார்கள். வெள்ளை உடுத்திய அம்மா கீழ்ப்படியிலேயே நின்றாள்.

நான் உச்சக் குரலில் இருந்தேன். "மாட்டிக்கிட்டான்! ஒற்றன் பயல் பிள்ளையைப் பிடிச்சிட்டான்! சோழ ராஜாகிட்ட ஒப்படைக்கப் போறான். அடப்பாவி, நீ வெளங்குவியா..."

"இல்ல."

சின்னக் குரல். எனக்குச் சட்டென்று யார் என்று தெரியவில்லை. நளினி எழுந்து நின்றிருந்தாள்.

"அவரு ஒற்றன் இல்ல அங்கிள். அவரு அவனோட அப்பா."

"அப்பா மர் கயா நா?" என்றான் சுப்பு. "ஃபர்ஸ்ட் வீக்கே செத்துட்டாரே."

"அப்பா சாகல. அம்மாதான் செத்துட்டாங்க." நிதானமாகத்தான் சொன்னாள். "செத்தவங்களுக்குத்தான் அங்க வெள்ளை டிரஸ் போடுவாங்க. அதான் அவங்களை யாருமே பாக்கல. அவங்க சாப்பிடல. இவனுக்கு மட்டும்தான் தெரிவாங்க."

திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. அத்தனை வாரமாகக் கட்டி எழுப்பிய என் பாண்டிய நாடு முழுவதும் இடிந்து என் தலையில் விழுந்தது. ஆனால் வெட்கப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள், அதுவும் நல்ல திருச்சித் தமிழில்.

"மறந்துபோச்சுன்னியேம்மா?"

"மறக்கல."

"அப்போ இத்தனை நாள் ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க சொன்ன கதையில அம்மா உயிரோட இருந்தாங்க" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பினேன். அப்போதுதான் வாசலில் சந்தானம் நிற்பதைப் பார்த்தேன். அன்றைக்கு மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டிருக்கிறான். கையில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. நளினிக்கு அவன் முதுகுப்பக்கம் இருந்தான்; அவள் பார்க்கவில்லை.

திரையில் கவசக்காரன் தலைக்கவசத்தைக் கழற்றினான். அழுத முகம். ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று தஞ்சாவூர்ப் பையன் கேட்டான். இப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

"‘உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு அவ ஞாபகமே வருது. உன்னை வளக்க எனக்குத் தெரியல. இங்க இருக்கறவங்க நல்லாப் பாத்துப்பாங்க’ன்னு சொல்றாரு."

"மாறன் என்ன சொன்னான்?"

"சரின்னு தலையாட்டறான். அவனுக்கு இஷ்டமில்ல. ஆனா சொன்னா அவங்க அப்பா அழுவாருன்னு சொல்லல."

அப்பன் படியிறங்கத் தொடங்கினான். பையன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் படம் நின்று திரை முழுக்கப் புள்ளிபுள்ளியாக இரைந்தது.

"அப்புறம்?" என்று நாலைந்து குரல்.

"அவ்வளவுதான்" என்றாள் நளினி. "அதுக்கு மேல அம்மா ரெக்கார்ட் பண்ணல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

பிள்ளைகள் விடுவார்களா? உடனே என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. அப்புறம் என்ன ஆச்சு?" இங்கிலீஷுக்கும் ஜப்பானுக்கும் அசராத இந்த வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் போச்சு என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் அவங்க அப்பா பாதி மலை எறங்கினாரு."

சந்தானம்தான். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான். நளினி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்காமல் அந்த இரைகிற திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பாதியில நின்னாரு. அப்புறம் திரும்பவும் ஏறி வந்தாரு. அந்தச் சாமியாருங்ககிட்ட, மன்னிச்சுக்கங்க, பையனைக் குடுத்துடுங்கன்னு கேட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு."

"சண்டை?" என்றான் தஞ்சாவூர்ப் பையன்.

"சண்டை எல்லாம் கெடையாது. வீட்டுல ரெண்டு பேரும் இருந்தாங்க. அவருக்குச் சோறு கொழைஞ்சு போவும். அவன் சாப்பிட்டுக்குவான். அம்மாவைப் பத்திப் பேசுவாங்க. அழுகை வந்தா அழுவாங்க."

"பஸ்?" என்றான் சுப்பு. ஹிந்தியில் அவ்வளவுதானா என்று அர்த்தம்.

"பஸ். அவ்வளவுதான்."

இதெல்லாம் ஒரு கதையா என்று பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. கதை சொல்லக் கொஞ்சமும் தெரியாதவன் சந்தானம். நரி இல்லை, பூதம் இல்லை, மூக்கன் என்ன ஆனான் என்றுகூடச் சொல்லவில்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

நளினி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெஜமாவாப்பா?"

"நெஜமாத்தான்."

"அத்தை வந்தா?"

"வந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ எங்கயும் போகல."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு ஸ்வெட்டர் வேணும். ஸ்கூல்ல எல்லாரும் போட்டுட்டு வர்றாங்க."

திருச்சிக்குப் போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று, அத்தனை நாளும் குளிரில் பள்ளிக்கூடம் போய் வந்தும் வாயைத் திறந்து கேட்காமல் இருந்திருக்கிறாள். சந்தானம், வாங்கி வந்த பையைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், எழுந்து செருப்பைத் தேடினான்.